சருகுமானும் பட்டப்பகல் விளக்கும்

மலைச்சரிவுக் காடு ஒன்றில் வரியன் என்று ஒரு சருகுமான் இருந்தது. அதனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. குளம்பை வைத்துக்கொண்டு அது எப்படி கிளட்ச் பிடித்தது என்று யாரும் குறுக்கே கேட்க வேண்டாம். பிடித்தது, ஓட்டியது. அவ்வளவுதான்.

சருகுமான் பார்க்க முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உடம்பு காய்ந்த இலை நிறம். அதன்மேல் வெயில் சிந்தின மாதிரி வெள்ளைப் புள்ளியும் கோடும். சருகுக்கு நடுவே அசையாமல் நின்றுவிட்டால் பக்கத்திலேயே நிற்கிற சிறுத்தைக்குக்கூடத் தெரியாது. அந்தக் குடும்பத்துக்கு அதில்தான் பெருமை. மற்ற வீடுகளில் பிள்ளை பாடினால் மெச்சுவார்கள், ஆடினால் மெச்சுவார்கள். சருகுமான் வீட்டிலோ, "எங்க பையன் வீட்ல இருக்கானா இல்லையான்னே தெரியாது!" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார்கள்.

வரியனும் அப்படி வளர்ந்த பிள்ளைதான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அதற்குக் காது சிவந்துவிடும். ஆனால் மனசு தங்கம். யாருக்கு என்ன உதவி என்றாலும் முன்னால் போய் நிற்கும், அதுவும் யாருக்கும் தெரியாமல் நிற்கும்.

அந்த வருஷம் மலை உச்சி மரத்தில் ஒரு இருவாட்சிப் பறவை ஜோடி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இருவாட்சி வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன இடுக்கு மட்டும் விட்டு வைக்கும். முட்டை பொரிந்து குஞ்சு வளரும் வரைக்கும் அம்மாவும் பிள்ளைகளும் உள்ளேதான். அப்பா பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டினால்தான் சாப்பாடு.

அப்படியிருக்க, ஒருநாள் அடித்த காற்றில் அப்பா இருவாட்சி கிளையில் மோதி இறக்கையை முறித்துக்கொண்டது. பறக்க முடியவில்லை. உள்ளே இரண்டு குஞ்சுகள் அப்போதுதான் முட்டையை விட்டு வந்திருந்தன. பசி, பசி என்று ஒரே கத்தல். அப்பா வெளியே உட்கார்ந்து கண்ணீர் விட்டது.

விஷயம் வரியன் காதுக்கு எட்டியது. "அழாதீங்க அண்ணே, அடிவாரத்து அத்திமரத்துல பழம் கொட்டிக் கிடக்கு. கூடையில அள்ளி வண்டில கொண்டாறேன். நீங்க எடுத்து ஊட்டுங்க" என்றது. அன்றிலிருந்து தினமும் பகலில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் வரியன்தான் ஓட்டம்.

வண்டியைச் செய்து கொடுத்தது கரடி மெக்கானிக். நல்ல வேலைக்காரன், வாய்தான் திறக்காது. திறந்தால் தேன் ஒழுகிவிடுமே! வண்டியில் ஒரு விசேஷம். ஸ்டார்ட் செய்தால் முன்விளக்கும் சேர்ந்து எரியும். அணைக்க சுவிட்சே கிடையாது.

இங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

வரியன் வண்டியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறியதோ இல்லையோ, மரத்தின் மேலிருந்து ஒரு கருமந்தி விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டியது. "லைட் எரியுது, லைட் எரியுது!" அடுத்த வளைவில் மயில் தோகையை ஆட்டிச் சொன்னது. எதிரே வேனில் வந்த காட்டுப்பன்றி தலையை வெளியே நீட்டிச் சொன்னது. கட்டைவண்டி ஓட்டிக்கொண்டு போன ஆமை, சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தது. அது சொல்லி முடிப்பதற்குள் வரியன் போய்விட்டது. திரும்பி வரும்போது ஆமை மிச்சத்தைச் சொன்னது.

எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். பாவம், பேட்டரி தீர்ந்துவிடப் போகிறதே என்ற அக்கறை. ஆனால் வரியனுக்கு உயிரே போனது. ஒளிந்தே வளர்ந்த பிள்ளையைக் காடே கைகாட்டிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

கரடியிடம் ஓடிப் போய்க் கேட்டது. "அண்ணே, இதை அணைக்க முடியாதா? பகல்ல எனக்கு ரோடு நல்லாத் தெரியுதே. லைட் எதுக்கு?"

"அது எரியட்டும், கை வைக்காதே" என்றது கரடி. அதற்குமேல் பேசினால் தேன் வீணாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டது.

வரியனுக்குச் சமாதானமாகவில்லை. மறுநாளும் கருமந்தி கைகாட்டியபோது வண்டியை ஓரம் கட்டியது. "அக்கா, பார்த்துக்கிட்டே இருக்கீங்களே, இதை அணைக்க ஒரு வழி சொல்லுங்களேன். மானம் போகுது."

"இதுக்கா இவ்வளவு நாள் தவிச்சே? முன்னாடியே சொல்லக் கூடாதா?" கருமந்தி கிளையிலிருந்து சர்ரென்று இறங்கியது. விளக்குக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு வயரைப் பல்லால் கடித்துத் துண்டாக்கியது. விளக்கு அணைந்தது. "போ, இனிமே உன்னை எவன் கேட்கிறான்னு பார்க்கிறேன்" என்று கையைத் தட்டிக்கொண்டு மரம் ஏறிவிட்டது.

உண்மைதான். ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மரநிழலும் வெயிலும் திட்டுத் திட்டாக விழுந்த பாதையில் வரியன் போனால், காற்றில் சருகு உருண்டு போன மாதிரி இருந்தது. அப்பாடா என்று இருந்தது அதற்கு. பாட்டுக்கூடப் பாடியது, வாய்க்குள்ளேயேதான்.

சின்னச் சின்னதாகச் சில நடக்கத்தான் செய்தன. ஒருநாள் மயிலம்மா குஞ்சுகளோடு நேரே சக்கரத்துக்கு முன்னால் இறங்கிவிட்டது. இன்னொரு நாள் காட்டுப்பன்றி வேனை இந்தப் பக்கமாகவே ஒடித்துவிட்டது. நூலிழையில் தப்பித்த வரியன், "கண்ணை எங்கே வச்சுக்கிட்டு வர்றாங்களோ" என்று முனகிக்கொண்டு போனது. தப்பு தன் வண்டியில் இருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒருநாள் கூடை நிறையப் பழத்தோடு வரியன் மலை ஏறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வளர்கிற நேரம், முந்தின நாள் மழையில் பழம் கொண்டுபோக முடியவில்லை. உள்ளே மூன்று வயிறும் காய்ந்து கிடக்கும் என்ற நினைப்பில் கொஞ்சம் விரட்டியே ஓட்டியது.

எதிரே மேலிருந்து காட்டெருமை மூங்கில் லாரியை இறக்கிக்கொண்டு வந்தது. லாரிக்கு முன்னால் ஆமையின் கட்டைவண்டி. எவ்வளவு நேரம்தான் ஆமைக்குப் பின்னாலேயே உருட்டுவது? காட்டெருமை எட்டிப் பார்த்தது. ரோடு காலி. ஒரு ஹாரன் அடித்துவிட்டு வலது பக்கம் ஏறியது. வரியன் வந்துகொண்டிருந்த பக்கம்!

மலை மாதிரி லாரி முகத்துக்கு நேரே வந்தபோது வரியனுக்கு யோசிக்க நேரமில்லை. ஹேண்டில்பாரை ஒடித்தது. வண்டி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், வரியன் உண்ணிச்செடிப் புதருக்குள்ளே. லாரி கிறீச்சென்று நின்றது.

காட்டெருமை குதித்து ஓடி வந்தது. புதருக்குள்ளிருந்து தலை நீட்டிய வரியனைப் பார்த்துத் திகைத்துப் போனது. "தம்பி, நீ எங்கேருந்துப்பா வந்தே?"

"ரோட்லதாண்ணே வந்தேன்."

"ரோடு காலியா இருந்துச்சே! நல்லாப் பார்த்துட்டுத்தானே ஏறினேன். நிழலும் வெயிலுமா சருகு கிடந்துச்சு. வேற ஒண்ணுமே இல்லையே."

"நிஜமாவே நான் தெரியலையா அண்ணே?"

"சத்தியமாத் தெரியலைப்பா."

நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் வரியனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு பெரிய ரோட்டில், பட்டப்பகலில், நேர் எதிரே வந்தும் தெரியவில்லையாமே! அம்மாவிடம் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

ஆனால் காட்டெருமை நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. "இன்னும் ஒரு முழம் போயிருந்தா உன்னைக் கூழாக்கியிருப்பேனே. வீட்ல புள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று கேவிக் கேவி அழுதது.

வரியன் திரும்பிப் பார்த்தது. லாரி டயருக்கு அடியில் பாதிப் பழம் நசுங்கிச் சிவப்பாகக் கிடந்தது. நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கியது. தான் அங்கே கிடந்திருந்தால்? மேலே அந்தப் பொந்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? அவர்களுக்கு யார் பழம் கொண்டு போயிருப்பார்கள்?

"அண்ணே, அழாதீங்க. தப்பு என் பேர்லதான்" என்றது வரியன். "சிறுத்தை என்னைப் பார்த்தா தின்னுடும், அதுக்கிட்ட ஒளியலாம். நீங்க என்னைப் பார்த்திருந்தா வண்டியை ஒதுக்கியிருப்பீங்க. உங்ககிட்டப் போய் ஒளிஞ்சேனே, எனக்குப் புத்தி எங்கே போச்சு?"

காட்டெருமை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைப் பார்த்தது. "ஏன் தம்பி, உன் வண்டில லைட் இல்லையா?"

வரியன் மேலே பார்த்தது. காட்டெருமையும் மேலே பார்த்தது. ஆமையும் மெதுவாக மேலே பார்த்தது. கிளையில் இருந்த கருமந்தி, தான் அங்கே இல்லவே இல்லை என்பது போல் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அக்கா" என்றது வரியன்.

"சரி சரி, வர்றேன்" என்று இறங்கி வந்தது கருமந்தி. முகம் கறுத்துப் போயிருந்தது. முன்பும் கறுப்புதான், இப்போது இன்னும் கொஞ்சம். "நல்லது செய்றதா நினைச்சுத்தான் தம்பி செஞ்சேன். அந்த லைட் நீ ரோட்டைப் பார்க்கிறதுக்குன்னு நினைச்சேனே தவிர, ரோடு உன்னைப் பார்க்கிறதுக்குன்னு தெரியலையே."

அறுந்த வயரின் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து முறுக்கியது. காட்டெருமை ஹேண்டில்பாரை நிமிர்த்திக் கொடுத்தது. எல்லோரும் நசுங்காத பழமாகப் பார்த்துக் கூடையில் பொறுக்கிப் போட்டார்கள். ஆமையும் ஒரு பழம் போட்டது.

அதற்குள் உச்சியிலிருந்து மூடுபனி இறங்க ஆரம்பித்துவிட்டது. பகல்தான், ஆனாலும் பத்தடிக்கு அப்பால் பால் கொட்டினது மாதிரி வெள்ளை. வரியன் உதைத்து ஸ்டார்ட் செய்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"தம்பி..." என்று இழுத்தது ஆமை. "லைட்... எரியுது."

காட்டெருமைக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. கருமந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "எரியட்டும் பெரியப்பா, நல்லா எரியட்டும்!" என்று கத்திக்கொண்டே வரியன் வண்டியை விட்டது. அது அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

பனிக்குள் ஏறினது வண்டி. எதிரே வந்த காட்டுப்பன்றி வேன், முன்னால் போன வண்டியை முந்துவதற்காக மூக்கை நீட்டியது. தூரத்தில் ஒரு வெளிச்சம் வருவதைப் பார்த்ததும் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றது. ரோட்டில் இறங்கப் போன மயிலம்மா, "நில்லுங்கடி, ஏதோ வண்டி வருது" என்று குஞ்சுகளை இறக்கையால் தடுத்தது. வளைவுக்கு வளைவு எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். வரியனுக்குக் காது சிவக்கத்தான் செய்தது. சிவந்தால் சிவக்கட்டும் என்று ஓட்டியது.

மேலே உச்சி மரத்தில் அப்பா இருவாட்சி தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. "நேத்தும் வரலை. இன்னிக்கு இந்தப் பனியில எங்கே வரப் போறான்? ஒண்ணும் தெரியலையே" என்று புலம்பியது. பொந்துக்குள் குஞ்சுகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் அம்மா வயிற்றோடு ஒட்டிக்கிடந்தன.

அம்மா இருவாட்சி மட்டும் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. திடீரென்று அதன் குரல் மாறியது.

"என்னங்க! கீழே பாருங்க. பனிக்குள்ள ஒரு வெளிச்சம் ஏறி வருது."

"எங்கே?"

"அதோ, வளைவுல திரும்புது. நம்ம வரியன் தம்பிதான். கண்ணுகளா, எழுந்திருங்க. சாப்பாடு வருது, வாயைத் திறங்க!"

வரியன் வந்து வண்டியை நிறுத்தியபோது அப்பா இருவாட்சி நல்ல இறக்கையால் அதைக் கட்டிக்கொண்டது. பழம் ஒவ்வொன்றாக இடுக்கு வழியாக உள்ளே போனது. சின்ன வாய்கள் சப்புக்கொட்டுகிற சத்தம் வெளியே கேட்டது. அம்மா இருவாட்சி மூக்கை வெளியே நீட்டி, "தூரத்துல வர்றப்பவே உன்னைப் பார்த்துட்டேன் ராசா. பார்த்த அப்புறம்தான் எனக்கு உயிர் வந்துச்சு" என்றது.

யாரோ தன்னைப் பார்த்துவிட்டதற்காக வரியன் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. இன்ஜினை அணைக்காமல், விளக்கு எரிய எரியவே கொஞ்ச நேரம் அங்கே நின்றது.

சிறுத்தையிடம் தப்பிக்க ஒளிந்துகொள்ளலாம், ஆனால் சாலையில் உயிரோடு வீடு சேர வேண்டுமானால் பட்டப்பகலானாலும் எதிரே வருகிறவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.