நுரையும் எண்ணெய்தான்

காவிரிப் படுகையில் ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குக் கனகசபாபதி மேலாளர். அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். தொட்டியில் எண்ணெய் அளக்கும் ஒப்பந்த வேலை தில்லைநாயகிக்கு.

அன்று தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா வருவதாக இருந்தது. கெட்டியான கச்சா எண்ணெயோ வாயு கலந்து பொங்கி, தொட்டியின் விளிம்புவரை நுரைத்து நின்றது.

"தொட்டி நிறைஞ்சிருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு," என்றார் கனகசபாபதி.

"பாதி நுரைங்க சார். அடங்கட்டுமே."

"நுரையும் எண்ணெய்தான்! சொல்ல முடியலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"சரிங்க சார்," என்று தில்லைநாயகி போய்விட்டாள்.

இயக்குநர் வந்து அமர்ந்ததும் அவளே காபி கொண்டுவந்தாள். மேலாளரின் காபியை மட்டும் உயரத் தூக்கி ஆற்றியிருந்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சினார், காபி தீர்ந்துவிட்டது.

"வெறும் நுரையைக் கொடுத்து ஏமாத்தறியா?" என்று கத்தினார்.

"டம்ளர் நிறைஞ்சுதானே சார் இருந்துச்சு? தொட்டியில நுரையும் எண்ணெய்னா, டம்ளர்ல நுரையும் காபிதானே!"

இயக்குநருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மீசையெல்லாம் நுரையோடு மேலாளர் முழித்த முழியைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நுரை அடங்கினதும் நீயே அளந்து சொல்லும்மா. சாரும் உன்கூட நிப்பார்," என்றார் இயக்குநர்.

மாலையில் தில்லைநாயகி தொட்டியின் உச்சியில் நின்று, "பாதி!" என்றாள்.

"பாதி!" என்று கீழேயிருந்து உரக்கத் திருப்பிச் சொன்னார் கனகசபாபதி.