ரத்த வங்கியில் இன்னாசி

“டீச்சர், எனக்கு ரூட் பாஸ்வேர்டு குடுங்க. செத்துப்போனவரை வெளியே அனுப்பணும்.”

சடகோபன் இதைச் சொன்னபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரத்த வங்கியின் சர்வர் அறையில் அவரும் தமயந்தியும் மட்டும் இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்பெட்டி. நாளைக் காலைப் பிரசவம் ஒன்றுக்காக, லேசில் கிடைக்காத வகை ரத்தம் இரண்டு பை அதில் இருந்தது.

தமயந்தி அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள அவருக்குக் கற்றுத் தருபவள் அவள்தான். எல்லாம் சொல்லித் தந்தாள். எதையும் நிறுத்த, யாரையும் நீக்க உரிமை தரும் அந்த ரூட் பாஸ்வேர்டை மட்டும் தரவில்லை. மனிதருக்கு அதில் தீராத மனத்தாங்கல்.

“செத்தவரு யாரு?”

“இன்னாசி. எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவரு. அங்க பாருங்க!”

கன்சோல் திரையில், யாரும் தொடாமலே, ஒரு வரி வந்து நின்றது.

‘இன்னாசி இருக்கேன்.’

“தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருது டீச்சர். இப்படியே போனா நான் வேலையை விட்டுடுவேன்.”

“சர்வர்ல அவரோட கணக்கை நானேதான் நீக்கினேன்.”

“நீக்கின பிறகும் வருதே!”

தமயந்தி எதையோ தட்டினாள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் வந்தது. அந்த வரியை எழுதுகிற புரோகிராமை விரலால் காட்டினாள்.

ஓட்டுபவர்: சடகோபன். தொடங்கியது: போன பங்குனியில்.

“பங்குனியில நான் இந்த ஊருக்கே வரலையே!”

அவர் திரையை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

“மெஷினுக்கு ஆளைத் தெரியாதுண்ணே. கணக்கோட நம்பரைத்தான் தெரியும். இன்னாசியை நீக்கினதும் அவர் நம்பர் காலியாச்சு. அடுத்து உங்களைச் சேர்த்தப்ப அதையே உங்களுக்குக் குடுத்துருச்சு. அவர் ஓடவிட்டது மட்டும் நிக்கவே இல்லை.”

சடகோபன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

“ரூட் குடுங்க. இப்பவே நிறுத்திடறேன்.”

“ரூட் எதுக்கு? உங்க பேர்ல ஓடுறதை நிறுத்த யார் அனுமதி வேணும்?”

அட, இது அவருக்குத் தோன்றவே இல்லை. பாய்ந்து போய்த் தட்டினார். பட்டியலிலிருந்து அந்தப் புரோகிராம் மறைந்தது.

“தொலைஞ்சாரு!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் நின்றது.

இத்தனை நாள் அது ஓடியது என்பதே நின்ற பிறகுதான் அவருக்குக் கேட்டது.

“என்ன அது?”

“சாயங்காலம் கரெண்ட் இறங்கினா குளிர்பெட்டி திணறும். நீங்க நிறுத்தின புரோகிராம் வழியாத்தான் துணைக்கு இன்னொரு மோட்டாரை ஓடவிடுவாரு இன்னாசி. ஓட்டியாச்சுங்கிறதுக்கு அடையாளமா ‘இருக்கேன்’னு ஒரு வரியும் எழுதுவாரு.”

சடகோபன் ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தார்.

“டீச்சர், அந்த ரெண்டு பை! ஐயோ, அவரைத் திரும்பக் கூப்பிடுங்க!”

“பெட்டி சூடாகறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. அதுக்குள்ள அந்தப் புரோகிராமை நீங்களே திரும்ப ஓடவிடலாம்.”

தமயந்தி எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க, இன்னாசிண்ணே.”