அம்மாவுக்கு ஒரு வாய்

"இந்தக் கதையை நான் சொல்ல மாட்டேன், அம்மை."

மருதாயி கதைக்குத் தட்டும் தாளத்தைக் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் அது கிணுங்கென்றது.

குருவின் பெயர் நல்லம்மை. மருதாயியைவிட வயதில் சின்னவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை அம்மை என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

"பொழுது சாஞ்சா கோயில் வாசல்ல ஊரே உட்கார்ந்திருக்கும். உனக்கு இதுதான் முதல் மேடை. இதுக்காகத்தானே இத்தனை வருஷம் பாடம் கேட்டே?"

"கேட்டேன். அப்ப இவ பிறக்கலை."

இடுப்பில் தங்கப்பொண்ணு. இப்போதுதான் நடை பழகுகிற பிள்ளை. அம்மாவின் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"புராணத்துல என்ன குறை கண்டே?"

"என்ன குறையா? சாமி பரதேசியா உப்பு வணிகன் வீட்டுக்கு வர்றார். சோறு கேட்கலாம், துணி கேட்கலாம். உன் ஒத்தை மகளை நெருப்புல போடுன்னா கேட்பார்? அவனும் தூக்கிட்டுப் போறானே, பாவி!"

"நெருப்புதான் தாமரைக் குளமாகிடுதே. பிள்ளை பூ மேல உட்கார்ந்து சிரிக்குதே."

"ஆகுது, ஆகுது. அதுக்கு முன்னாடி அப்பன் நெஞ்சு வெந்திருக்குமே? திருப்பிக் கொடுக்கிறவர் எதுக்குக் கேட்கணும்? அந்த இடம் வந்தாலே எனக்கு இவ முகம்தான் தெரியுது. நீ ஒண்ணு பெத்திருந்தா தெரியும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நல்லம்மை கோபித்துக்கொள்ளவில்லை. "பெறலைதான். பெத்தவ என்ன பண்றான்னு பார்த்துட்டு இருக்கேன்" என்றாள். உள்ளே போய் ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துவந்து பிள்ளையின் கையில் வைத்தாள்.

அதோடு பிள்ளைக்கு உலகம் மறந்து போயிற்று. கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துச் சப்பினாள். முழங்கை வரை ஒழுகியது.

மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை பக்கம் குனிந்தாள். தினம் செய்கிறதுதான், வாய் தானாகக் கேட்டது.

"அம்மாவுக்கு ஒரு வாய்?"

பிள்ளை கருப்பட்டியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கருப்பட்டியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா பாவமில்ல?"

பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். முழுத் துண்டையும்.

"ஆம்!" என்று மருதாயி வெறும் காற்றைக் கடித்தாள். "அப்பா, என்ன இனிப்பு! என் தங்கம்ல!" என்று கருப்பட்டியைப் பிள்ளையின் வாயிலேயே திரும்ப வைத்தாள். கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம்.

பிள்ளை கண்ணைத் திறந்தாள். கருப்பட்டி இருக்கிறது! அம்மாவும் இருக்கிறாள்! கெக்கெக்கே என்று சிரித்துப் பின்னால் சாய்ந்துவிட்டாள்.

"ஏன்க்கா, பசியா?" என்றாள் நல்லம்மை.

"யாருக்கு? எனக்கா?"

"கருப்பட்டி கேட்டியே."

"எச்சில் ஒழுகுது, அதையா திம்பேன்? சும்மா கேட்டேன்."

"சும்மா எதுக்கு?"

"எதுக்குன்னா? நீட்டும்போது அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே அம்மை! அதுக்காக என்ன வேணா..."

மருதாயி நிறுத்திக்கொண்டாள்.

குரு தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"சிரிக்காதே. நீ எங்கே வர்றேன்னு தெரியுது. கருப்பட்டியும் பெத்த பிள்ளையும் ஒண்ணா?"

"எனக்கென்ன தெரியும்? அவகிட்ட கேளு."

மருதாயி திரும்பினாள்.

அவள் இன்னும் கேட்கவே இல்லை. தங்கப்பொண்ணு அதற்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. உதடு பிதுங்கவில்லை. எப்போது வாங்குவாய் என்று சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதாயி வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள்.

பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் சோறு இருந்தா போடு, அம்மை. இவளுக்கு இப்பவே ஊட்டிடறேன். கதை நடுவுல பசின்னு அழுதா நான் நிறுத்த மாட்டேன்."