உறுதி கேட்ட காடு

ஆனைமடு என்ற காட்டுக் குளத்தின் கரையில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதற்குக் கூவுபாறை என்று பெயர். அதன் எதிரே ஒரு காரைப் புதர். புதருக்குள் நின்று யார் பேசினாலும் குரல் பாறையில் பட்டுத் திரும்பிக் காடு முழுக்கக் கேட்கும். எலி பேசினாலும் யானை பேசுவதுபோல் ஒலிக்கும்!

ஆனால் பாறைக்கு ஒரு குறை உண்டு. பேச்சின் கடைசி இரண்டு மூன்று சொற்களைத்தான் அது திருப்பித் தரும். முன்னால் சொன்னதெல்லாம் புதரருகே இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும்; மற்றவர்களுக்குக் காற்றோடு போய்விடும்.

பொழுது சாயும் வேளையில் விலங்குகள் எல்லாம் தத்தம் இடத்தில் படுத்தபடியே பாறைக்குக் காது கொடுக்கும். நாளுக்கொரு வாக்குவாதம். மழை வருவதைத் தவளைகள் வேண்டுமென்றே மறைக்கின்றனவா? மின்மினியின் வெளிச்சம் பட்டால் முட்டை பொரியாமல் போகுமா? ஒரே ஒரு விதி மட்டும் இருந்தது. புதருக்குள் இருந்து பேசுவது யார் என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

அந்தப் புதரில் அதிகம் பேசியது ஓர் ஓணான். முழ நீளம்கூட இருக்காது. அது எதையும் அடித்துச் சொல்லாது. கேள்வி கேட்கும். கடைசியில், "நான் கேள்விதானே கேட்டேன்!" என்று முடிக்கும்.

"கேள்விதானே கேட்டேன்! கேள்விதானே கேட்டேன்!" என்று பாறை முழங்கும்.

"பேசுறது யாரோ பெரிய ஆளு! எவ்வளவு பணிவாப் பேசுறாரு பாரு!" என்று முயல்கள் வியக்கும்.

அந்தக் காட்டில் அரும்பு என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். முள்ளம்பன்றிகளில் படித்தவர் அதுவரை யாருமில்லை. அவளுடைய அம்மா சடைச்சி, மகளைத் தூரத்துப் பெரிய ஏரிக்குக் கூட்டிப் போய், நாரைகளிடம் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்கும் கலை படிக்க விட்டாள். மூன்று மழைக்காலம் படித்துவிட்டு அரும்பு திரும்பி வந்தாள். "எங்க வம்சத்துல முதல் படிப்பு!" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சடைச்சி சொல்லிப் பெருமைப்பட்டாள்.

நாரைகள் அவளுக்கு ஒரு முறையையும் பழக்கியிருந்தன. தெரிந்ததை முதலில் சொல். தெரியாததைக் கடைசியில் சொல். இரண்டையும் சொல்லாமல் வாயை மூடாதே.

அந்தக் கோடையில் மடுவின் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. அதன்மேல் பச்சை நிறத்தில் ஏதோ கரைத்து ஊற்றியதுபோல் பாசி மிதந்தது. கரையோரம் நத்தைகள் செத்துக் கிடந்தன. அரும்பு மூன்று நாள் மடுவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நுரையை முகர்ந்து பார்த்தாள். செத்த நத்தைகளைப் புரட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மாலை புதருக்குள் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சடைச்சி மக அரும்பு. மடுவுல விஷப் பாசி படர்ந்திருக்கு. நத்தையெல்லாம் செத்துக் கிடக்கு. மழை வர்ற வரைக்கும் கிழக்கு ஓடைக்குப் போய்க் குடிப்போம். நான் பார்த்தது இவ்வளவுதான். நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்."

"தப்பாவும் இருக்கலாம்! தப்பாவும் இருக்கலாம்!" என்று பாறை முழங்கியது.

காடு சிரித்தது.

"தப்பா இருக்கலாம்னு சொல்றதுக்கா மூணு மழைக்காலம் படிச்சா?" என்றது ஒரு முயல்.

அரும்பு கூனிக் குறுகிப் போனாள். ஆனால் எங்கே தவறு நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் மாலை பேச்சை மாற்றி அடுக்கினாள். சந்தேகத்தை முதலில் சொன்னாள். கடைசியாக, "அதனால கிழக்கு ஓடைக்குப் போங்க!" என்று முடித்தாள்.

"ஓடைக்குப் போங்க! ஓடைக்குப் போங்க!" என்றது பாறை.

அவள் வெளியே வந்ததும் ஓணான் புதருக்குள் நுழைந்தது.

"நேத்து தப்பா இருக்கலாம்னா. இன்னைக்கு ஓடைக்குப் போங்கன்னா. இதுல எது பொய்?"

"எது பொய்? எது பொய்?"

"இத்தனை பேரும் ஓடைக்குப் போயிட்டா இந்த மடு யாருக்கு? கேள்விதானே கேட்டேன்!"

"கேள்விதானே கேட்டேன்!"

காட்டுப்பன்றி ஒன்று வேகமாக அரும்பிடம் வந்தது. மற்றவர்களைப்போல் அது சிரிக்கவில்லை. அதன் பிடரி மயிர் சிலிர்த்திருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உன் நாரைங்க என்ன சொன்னாங்க தெரியுமா? மடு வத்தப் போகுது, எல்லாரும் கிளம்புங்கன்னு சொன்னாங்க. நம்பிக் கிளம்பினேன். போற வழியில என் குட்டிங்க ரெண்டையும் செந்நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு. நாலாம் நாள் மழை பெய்ஞ்சு மடு நிரம்பிடுச்சு! இப்ப நீ வந்து சொல்றே!"

அது உண்மைதான் என்று அரும்புக்குத் தெரியும்.

"அத்தை, அது நாரைங்க செஞ்ச தப்புதான். மழையைக் கணிக்கிறது கஷ்டம். ஆனா இது அப்படி இல்ல. கண்ணால பார்க்கலாம். வாங்க, நாப்பது அடிதான். செத்த நத்தையைக் காட்டுறேன்."

பக்கத்துக் கிளையில் இருந்த மைனா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த நொடி பறந்தது. "நாரைங்க தப்புன்னு அவளே ஒத்துக்கிட்டா! அவளே ஒத்துக்கிட்டா!" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டே போனது.

புதருக்குள் இருந்த ஓணான் இன்னொரு கேள்வி கேட்டது. "அந்த நத்தைகளைக் கொன்னு அங்க போட்டது யாரு?"

"போட்டது யாரு? போட்டது யாரு?"

காட்டுப்பன்றி அரும்பை ஏற இறங்கப் பார்த்தது. நாற்பது அடி நடக்காமலே திரும்பிப் போனது. அன்றைக்கு மட்டுமில்லை. அந்தக் காட்டில் ஒருவர்கூட அந்த நாற்பது அடியை நடக்கவில்லை; பாசி இன்னும் படராத மறுகரையில்தான் எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு ஓடைக்குப் போய் வரவே காலைப்பொழுது பாதி போய்விடும். அங்கே போக வேண்டாம் என்று யார் சொன்னாலும் அவர் நல்லவராகத்தான் தெரிந்தார்.

இரண்டே நாளில் பேச்சு முற்றியது. முள்ளம்பன்றிகள் மடுவை வளைத்துப்போடப் பார்க்கின்றன என்றார்கள். நாரைகள் அவளுக்கு மாசாமாசம் கிழங்கு அனுப்புகின்றன என்றார்கள். சடைச்சி கிழங்கு தோண்டப் போன இடத்தில் முயல்கள் அவளைப் பார்த்து, "என்ன பெரியம்மா, மடு எப்ப உங்க பேருக்கு மாறுது?" என்று கேட்டுச் சிரித்தன.

சடைச்சி வளைக்குத் திரும்பி வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்டி, அந்தத் தண்ணி விஷம்தானா?"

"அப்படித்தான் தெரியுதும்மா."

"தெரியுதுன்னா என்னடி? உறுதியாச் சொல்லு."

அரும்பு தயங்கினாள். எதிரே இருப்பது அம்மா. அம்மாவிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"பத்துக்கு எட்டுப் பங்கு விஷம்மா. ரெண்டு பங்கு எனக்குத் தெரியல."

சடைச்சி நகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு, "நீ படிச்சவ. நான் இல்லேங்கல," என்றாள். "ஆனா ஊரே ஒண்ணு சொல்லுது. நீ ஒருத்தி ஒண்ணு சொல்றே. அதையும் முழுசாச் சொல்ல மாட்டேங்கிறே."

"தெரியாததைத் தெரியும்னு எப்படிம்மா சொல்றது?"

"அவங்கெல்லாம் சொல்றாங்களே!"

அரும்பு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, நீ மட்டும் அந்தத் தண்ணியைத் தொடாதே. எனக்கு அது போதும்."

"சரி, சரி. போய்ப் படு," என்றாள் சடைச்சி.

மறுநாள் காலை அரும்பு ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் சடைச்சி நேராக மடுக்கரைக்கு நடந்தாள். பாசி இரவோடு இரவாக மறுகரை வரை படர்ந்திருந்தது; காட்டுப்பன்றியும் முயல்களும் மான்களும் குடிக்காமல் அங்கே நின்றன.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கோங்க!" என்றாள் சடைச்சி. "எங்களுக்கு இந்த மடுவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்களுக்கு என்னவோ அதுதான் எங்களுக்கும். என் மக சின்னவ, ஏதோ பயத்துல சொல்லிட்டா. இனிமே அவளைப் பத்தி யாரும் பேசக் கூடாது!"

குனிந்தாள். பாசியை மூக்கால் விலக்கிவிட்டு, வயிறு நிறையக் குடித்தாள்.

"அப்படிச் சொல்லுங்கக்கா!" என்றது காட்டுப்பன்றி. அன்று தின்ற கிழங்கின் சாறே அதற்குப் போதும், தாகம் இல்லை. ஆனால் சடைச்சி குடித்ததைப் பார்த்து, அதுவரை தயங்கி நின்ற இரண்டு முயல்களும் ஒரு மான்குட்டியும் குடித்தன.

அரும்பு திரும்பி வந்தபோது சடைச்சி வளை வாசலில் விழுந்து கிடந்தாள். வாயில் நுரை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. முதுகு முட்கள் எல்லாம் சரிந்து படுத்துவிட்டன.

"குடிச்சியாம்மா?"

சடைச்சி தலையை அசைத்தாள்.

"ஏம்மா? சொன்னேனேம்மா!"

"ரெண்டு பங்கு நல்ல தண்ணின்னியே..." என்றாள் சடைச்சி. மூச்சு வாங்கியது. "அது நம்ம பக்கம் இருக்கும்னு நெனச்சேன். பரவாயில்ல விடு. உன்னை இனி யாரும் தப்பாப் பேச மாட்டாங்க."

வெயில் உச்சிக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள். முயல்கள் இரண்டும் பிற்பகலில் செத்தன. மான்குட்டி அந்தி வரை தாங்கியது.

அன்று மாலையும் புதருக்குள் இருந்து குரல் வந்தது. "சடைச்சிக்கு வயசாயிடுச்சு. போன மாசமே நொண்டி நொண்டித்தான் நடந்தா. முயல் என்ன தின்னுச்சோ! தண்ணியாலதான் செத்தாங்கன்னு யாரு கண்டா?"

"யாரு கண்டா? யாரு கண்டா?" என்றது பாறை.

அரும்பு ஓடிவந்து புதரை இரண்டாக விலக்கினாள். விதியாவது ஒன்றாவது! உள்ளே ஒரு குச்சியில் ஓணான் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நீயா?" என்றாள் அரும்பு. அவளுக்கு நம்ப முடியவில்லை. "நீயா இத்தனை நாளும்?"

"எட்டிப் பார்க்கக் கூடாது! அது விதி!" என்றது ஓணான்.

"எங்கம்மா செத்துட்டா!"

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் குடின்னு சொன்னேனா? ஒரு தடவையாவது சொன்னேனா? யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

அது சொல்லவில்லைதான். அரும்பு யோசித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"நீ அந்தத் தண்ணியைக் குடிச்சியா?" என்று கேட்டாள்.

ஓணானுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நானா? நான் எதுக்குக் குடிக்கணும்? காலையில இலையில இருக்கிற பனித்துளி எனக்குப் போதும். பொறந்ததுல இருந்து நான் மடுத் தண்ணிகிட்டயே போனதில்லையே!"

"அப்புறம் எதுக்கு இதுல வாயைக் கொடுத்தே?"

"எல்லாரும் கேட்டாங்களே!" என்றது ஓணான். "நீ பேசினப்ப யாராவது கேட்டாங்களா?"

சொல்லிவிட்டுப் பக்கத்து மரத்தில் ஏறிப் போய்விட்டது. அடுத்த வாரத்துக்கு அதனிடம் வேறொரு கேள்வி இருந்தது. தேய்பிறையில் நிலாவைக் கடிப்பது யார் என்பதுதான் அது.

அரும்பு புதருக்குள்ளேயே நின்றாள். வெளியே மான்கள் மடுவை நோக்கி இறங்குவது தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். நத்தை, நுரை, பாசி என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தோன்றியது. எதையும் சொல்லவில்லை. தெரியாத இரண்டு பங்கையும் சொல்லவில்லை.

"குடிச்சா சாவு!" என்று கத்தினாள்.

"குடிச்சா சாவு! குடிச்சா சாவு!"

முதல் முறையாக அவள் சொன்னது முழுதும் காடு முழுக்கக் கேட்டது. மான்கள் அப்படியே நின்றன. பிறகு திரும்பின. பொழுது இருட்டுவதற்குள் கூட்டம் கூட்டமாக எல்லாரும் கிழக்கு நோக்கி நடந்தார்கள்.

காட்டுப்பன்றி மட்டும் புதரருகே வந்து நின்றது. அதன் முகம் வாடியிருந்தது.

"ஏம்மா அரும்பு, அந்த ஓடைத் தண்ணியாவது நல்ல தண்ணிதானா? உறுதியாச் சொல்லு."

காலையில் ஓடையில் குடித்தபோது மேட்டுப் பக்கம் ஏறிப் பார்க்க அரும்புக்கு நேரம் இருக்கவில்லை. அங்கே பாசி இருக்கிறதா, இல்லையா, அவளுக்குத் தெரியாது.

"உறுதி," என்றாள்.

"பார்த்தியா!" என்றது காட்டுப்பன்றி, நிம்மதியாக மூச்சு விட்டபடி. "இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்போமே!"

"எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்" என்று நேர்மையாகச் சொல்பவரை எள்ளி நகையாடும் கூட்டத்துக்கு, எல்லாம் தெரியும் என்று அடித்துச் சொல்பவர்கள்தான் கடைசியில் மிஞ்சுவார்கள்.