காவியத்தில் ஒளிந்த அரசன்

முன்னொரு காலத்தில், மிளகு வாங்க யவனக் கப்பல்கள் வந்துபோன மணற்றுறைப் பட்டினத்தை நெடுங்கொற்றன் என்ற அரசர் ஆண்டுவந்தார். கோபமும் சிரிப்பும் அவருக்கு ஒரே மூச்சில் வரும்.

ஒருமுறை உரோமாபுரிக் கவிஞர் கல்வினஸ் அங்கே வந்து இறங்கினார். எரியும் நகரிலிருந்து தப்பிக் கடலோடும் வீரன் ஒருவனைப் பற்றிப் பெருங்காவியம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பாடப்பாட, துறைமுகத்தில் மொழிபெயர்த்துப் பிழைக்கும் வஞ்சி என்ற பெண் அதை அவையில் தமிழில் சொன்னாள். அரசர் சோறு தண்ணீர் மறந்து கேட்டார். அவைப்புலவர் வண்டரையருக்குத்தான் வயிறு எரிந்தது.

காவியத்தில் தீவு அரசன் ஒருவன் வருவான். போர்முரசு கேட்டதும் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். அந்தப் பகுதி முடிந்ததும் வண்டரையர் எழுந்தார். காவியத்தில் வருகிறவர்கள் எல்லாரும் நிஜ மனிதர்கள்தான் என்று கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார், இந்தக் கோழை வேறு யாருமில்லை, நம் அரசர்தான் என்றார். அரசரின் முகம் கறுத்தது. ஏடுகளை எரித்துவிட்டு யவனரைச் சிறையில் தள்ளச் சொன்னார்.

வஞ்சி முன்னே வந்து கும்பிட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கிக்கொண்டாள்.

“புலவரே, அந்த அரசனின் முகம் எப்படி, வயது என்ன என்று காவியத்தில் எதுவுமே இல்லையே. நம் அரசர்தான் என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?”

“இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா? போன ஆண்டு பட்டத்து யானை பிளிறியதும் அரசர் தூணுக்குப் பின்னால் ஒளிந்தது ஊருக்கே தெரியுமே.”

சொன்ன பிறகுதான் வண்டரையர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அரசே, யவனர் யாரோ ஒரு கோழையைப் பாடினார். அது நீங்கள்தான் என்று சொன்னவர் இவர்,” என்றாள் வஞ்சி பணிவாக.

அரசர் வண்டரையரை முறைத்தார். பிறகு, “அந்தத் தூணுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்,” என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஏடுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கோழை நிஜத்தில் யார் என்று விசாரித்தார். தன் தாய்மாமன் என்றார் கல்வினஸ். நாய் குரைத்தாலே ஏணியில் ஏறிவிடுவாராம். அரசருக்கு லேசான ஏமாற்றம். அப்படியானால் காவியத்தில் தான் எங்குமே இல்லையா என்று கேட்டார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் அரசன் ஒருவன் இனிமேல்தான் வரவேண்டும், அதற்கு உரோமாபுரியில் இதுவரை ஆள் கிடைக்கவில்லை என்று கவிஞர் சொன்னதாக வஞ்சி சொன்னாள். கவிஞர் அவ்வளவு நீளமாகப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் வண்டரையர் வாழைத்தாரோடு வஞ்சியின் வீட்டுக்கு வந்தார். காவியத்தில் தனக்கும் ஓர் ஓரத்தில் இடம் கிடைக்குமா என்று தலையைச் சொறிந்தார்.

வஞ்சி யவனரிடம் கேட்டுவந்து சொன்னாள்: “இடம் இருக்கிறதாம் ஐயா. கப்பலில் துடுப்புப் போடுகிறவராக வரலாமாம். பேச்சு மட்டும் கிடையாதாம்.”