அடுத்த வருடத்துத் தாள்

இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் சீனியம்மாள் கையை உதறுவாள்.

"நான் தப்பாச் சொல்லிருவேன். நாலு கடுதாசியா அஞ்சு கடுதாசியான்னு அங்கயே குழம்பிருவேன். வேற யாரையாச்சும் கேளுங்க."

விடாமல் கேட்டால், வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பிப்பாள். அவள் சொன்னபடியே இது.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி. தினசரித் தாள்களை அடுக்கி, மேலே தகரப் பட்டை வைத்து அடிப்பது அவள் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். நாற்பது தாண்டிய பிறகு பத்தையும் பன்னிரண்டையும் தனியாக எழுதித் தேறினாள். பிறகு தபால் வழியில் கணிதப் பட்டப்படிப்பு. எதற்கு இந்த வயதில் என்று கேட்டவர்களிடம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்.

"கணக்கு ஒண்ணுதான் என்னைய நீ யாருன்னு கேக்கல."

நிகழ்தகவு, இயற்கணிதம், பகுப்பாய்வு என்று வீட்டில் செய்து அனுப்ப வேண்டிய கணக்குகள் மலைபோல் வரும். வழி தெரியாமல் நின்றபோதுதான் கிளை நூலகத்தில் தெபோரா மிஸ் கிடைத்தாள். இருபத்தொன்பது வயது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தின் மூலை மேஜையில் உட்கார்ந்து, கணக்கோடு யார் வந்தாலும் பார்ப்பாள். வந்து நிலைத்தது சீனியம்மாள் மட்டும்.

தெபோரா ஒரு கணக்கையும் போட்டுக் காட்டியதில்லை. "எங்க நின்னீங்கக்கா?" என்று மட்டும் கேட்பாள். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள்.

"எதிர்ல ஒருத்தர் 'நம்ப மாட்டேன்'னு உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்கங்க. அவருக்குப் பதில் எழுதுங்க."

"யாரு மிஸ் அவரு?"

"வருவாரு."

அச்சுப் பிசகிய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில்தான் சீனியம்மாள் கணக்குப் போடுவாள். கம்பெனியில் அது குப்பை. விடை வந்ததும் நல்ல தாளில் அழகாக எழுதிக்கொண்டு, தப்பாகப் போன தாள்களை எல்லாம் தண்ணீர் அடுப்பில் திணித்துவிடுவாள். தன் தப்பு அடுத்தவர் கண்ணில் படக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டைத் தூக்கிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்த வாத்தியாரின் முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த வருடம் நிகழ்தகவில் ஒரு கேள்வி. ஐந்து கடிதம், ஐந்து உறை. ஒரு கடிதம்கூடத் தன் உறைக்குள் போகாதபடி எத்தனை விதமாகப் போட முடியும்? சீனியம்மாள் நாற்பத்துநான்கு என்று எழுதினாள். விடை சரி. ஆனால் அவள் போன வழி பாடப் புத்தகத்தில் இல்லை. வழிகாட்டி நூல்களிலும் இல்லை.

பத்து நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று பாடத்துக்கும் பூஜ்யம். வேறு யாரோ எழுதித் தந்ததாகச் சந்தேகம். வருகிற வெள்ளிக்கிழமை படிப்பு மையத்துக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

பட்டம் முடிக்கப் பல்கலைக்கழகம் தருவது ஆறு வருடம். அவளுக்கு அது ஆறாவது வருடம். இதில் போனால் எல்லாம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றாள்.

"மிஸ், ஒரு கடுதாசி குடுங்க. இந்தம்மா தானாத்தான் போட்டாங்கன்னு ரெண்டு வரி. உங்க கையெழுத்து இருந்தா யாரும் பேச மாட்டாங்க."

தெபோரா வந்திருந்த கடிதத்தைப் படித்தாள். "நீங்க தப்பாப் போட்ட தாளெல்லாம் எங்க?"

"எரிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"தப்பை வச்சு என்ன மிஸ் செய்ய?"

தெபோரா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது.

"அவர் கையில குடுங்க. நீங்க பிரிக்காதீங்க."

அந்த உறையைச் சீனியம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். வேலையில் நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறியதும் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை.

மையத்தில் மேஜைக்குப் பின்னால் ஒரு பேராசிரியர். அவள் எழுதி அனுப்பிய நல்ல தாள்கள் அவர் முன்னால் இருந்தன.

"ரொம்ப சுத்தமா இருக்கு. ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. யாரும்மா எழுதிக் குடுத்தது?"

"நான்தான் சார்."

"என்ன வேலை?"

"காலண்டருக்குப் பட்டை அடிக்கிறேன்."

"பட்டை அடிக்கிறவங்க புத்தகத்துல இல்லாத வழியில போவீங்களா?" அவர் சிரித்தார். "நான் நம்பணும்?"

சீனியம்மாள் உறையை நீட்டினாள். அவர் பிரித்தார்.

உள்ளே ஒரு காலண்டர் தாள்.

"நவம்பர் இருபத்தாறு. அடுத்த வருஷம்." அவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இன்னும் வராத தேதியில சர்ட்டிபிகேட்டா?"

பின்பக்கத்தைத் திருப்பினார். சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் கையெழுத்து. நூலகத்து மேஜைக்கடியில் எப்போதோ விழுந்து, அடுப்புக்குத் தப்பிய தாள். நின்ற இடத்தில் தெபோராவின் பென்சில் புள்ளி.

"நாலு கடிதத்துக்கு ஆறு வழின்னு போட்டிருக்கு. இது தப்பாச்சேம்மா!"

சிலேட்டைத் தூக்கிக் காட்டிய அதே கை. ஓடிவிடலாமா என்றிருந்தது. மிஸ் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று நினைத்தாள். அப்புறம் அந்தப் புள்ளி கண்ணில் பட்டது.

"ஆமா சார். தப்புதான்." அவள் நிமிர்ந்தாள். "ஏன் தப்புன்னு சொல்லட்டுமா?"

அவர் தாளை மேஜையில் வைத்தார்.

"நாலு கடுதாசி. மொதக் கடுதாசி வேற கவருக்குப் போக மூணு வழி. மிச்ச மூணும் மாறிப் போக ரெண்டு வழி. மூணு ரெண்டு ஆறுன்னு போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நாலு அட்டை, நாலு தாள்கட்டுன்னு எடுத்துக் கையால அடுக்கிப் பாத்தேன். ஒன்பது வந்துச்சு. மூணு எங்க போச்சுன்னு ரெண்டு நாள் சோறு எறங்கல."

"எங்க போச்சு?"

"மொதக் கடுதாசி ரெண்டாவது கவர்ல. ரெண்டாவது கடுதாசி மொதக் கவர்ல. ரெண்டும் தங்களுக்குள்ளயே எடம் மாத்திக்கிடும். மிச்ச ரெண்டும் அதே மாதிரி. மொதக் கடுதாசிக்கு அப்படி மூணு சோடி. அதை விட்டுட்டேன். அதைச் சேத்தா எத்தனை கடுதாசிக்கும் வரும் சார். அஞ்சுக்கு, நாலோட ஒன்பதும் மூணோட ரெண்டும் பதினொண்ணு, நாலு தடவை. நாப்பத்துநாலு."

"ஆறு கடிதம்னா?"

அவள் கண்ணை மூடினாள். "அஞ்சோட நாப்பத்துநாலும் நாலோட ஒன்பதும் அம்பத்துமூணு. அஞ்சு தடவை. எரநூத்து அறுவத்தஞ்சு."

அவர் ஒரு தாளில் தன் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அடித்து மதிப்பெண் எழுதினார்.

"சரிம்மா. அந்தத் தப்புத் தாளைக் குப்பையில போட்டுட்டுக் கெளம்புங்க."

"போட மாட்டேன் சார்."

"என்னது?"

"அது என்னோடது. குடுங்க." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அவர்தான் எழுந்து வந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூலை மேஜைக்குப் போனவள் உட்காரவில்லை.

"ஒரு நிமிஷம் உசிரே போயிருச்சு மிஸ். ரெண்டு வரி கேட்டேன். எழுதித் தந்தா என்ன கொறஞ்சு போயிரும் உங்களுக்கு?"

"எழுதித் தந்திருந்தா, அவர் என்னையத்தான் நம்பியிருப்பாருக்கா."

சீனியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஒரு காலண்டர் அட்டை எடுத்தாள். நவம்பர் இருபத்தாறாம் தேதித் தாளைப் பின்பக்கம் தெரியும்படி அதில் வைத்தாள். இனி வரப்போகும் தப்புகளுக்காகக் கீழே ஒரு கட்டு வெற்றுத் தாள் சேர்த்தாள். மேலே பட்டை வைத்து, வழக்கமான நாலு அடிக்குப் பதில் எட்டு அடி அடித்தாள். வீட்டில் ஆணி அறைந்து மாட்டினாள், தண்ணீர் அடுப்புக்கு எட்டாத உயரத்தில்.