கயிற்றின் பின்முனை

"இன்னும் எத்தனை மலைக்கு உங்கட முதுகையே பாத்துக்கொண்டு நடக்கிறது, ரீச்சர்?" என்று கேட்டார் தவராசா.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சுவிஸில் ட்ராம் ஓட்டுகிறவர். ரீச்சர் சிந்துஜாவுக்கு முப்பத்து நான்கு. அந்த நாட்டிலேயே பிறந்து, மலை வழிகாட்டிப் பரீட்சையில் தேறியவள். மலையேறக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் வயதைப் பாராமல் ரீச்சர் என்றே கூப்பிடுவார்.

மகள் ஆரணியைத் தானே கயிற்றில் கட்டி அல்ப்ஸ் சிகரம் ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஓகஸ்டில் போகலாம் என்று மகளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். ரீச்சர்தான் இன்னும் சரி சொல்லவில்லை.

"நாளைக்கு நீங்கள் முன்னுக்குப் போவியள், அண்ணை," என்றாள் சிந்துஜா.

அன்று பின்னேரம் மலைக்குடிலில் கொடுத்த சூப் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. தவராசா இரண்டு கோப்பை குடித்தார்.

மறுநாள் விடியுமுன் பனியாற்றில் கால் வைத்தார்கள். கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை அவர் இடுப்பிலும் கட்டினாள் சிந்துஜா. கட்டிவிட்டு, தானே முன்னால் நடந்தாள்.

தவராசாவின் முகம் தொங்கிப்போயிற்று. இருந்தும் பொறுத்துக்கொண்டார். அவள் கோலால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்து வெடிப்புகளைக் கடந்தாள். அவள் கால் வைத்த இடத்திலேயே அவரும் கால் வைத்தார்.

எட்டரை மணிக்கு உச்சி. ஆளுக்கொரு துண்டு பாணில் வெண்ணெய் பூசித் தின்றார்கள்.

"இப்ப முன்னுக்குப் போங்கோ."

"இறங்கேக்கையோ?"

"ஓம்."

"வந்த தடம் அப்பிடியே கிடக்கு. ஆடு மாடுகூடப் பாத்துப் போகும். அதுக்கு நான் என்னத்துக்கு?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

தவராசாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. கால் அதைவிட வேகமாகப் போனது. செங்குத்தான ஓரிடத்தில் சப்பாத்தின் இரும்பு முள் காற்சட்டையில் மாட்டி, இடறி விழுந்தார்.

கத்த வாய் திறக்குமுன் இடுப்பில் கயிறு இறுகியது. ஒரு முழம்கூட அவர் சறுக்கவில்லை. கீழே பார்த்தார். சரிவு முடிகிற இடத்தில் பனிவெடிப்பு நீலமாக வாய் திறந்து கிடந்தது.

"எழும்புங்கோ, அண்ணை."

நிமிர்ந்து பார்த்தார். இரண்டு காலையும் பனியில் ஊன்றி, கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி அவள் நின்றாள்.

அவளுக்கு மேலே ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு தவராசா ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

குடில் தெரிகிற இடத்தில் கடைசிச் சரிவு. உருண்டாலும் கீழே மெத்தென்ற பனிவெளிதான். அங்கே நின்றார்.

"ரீச்சர், நான் பின்னுக்கு வரட்டே?"

அவள் அவரைத் தாண்டி முன்னால் போனாள். பத்து அடி வைத்தாள். பதினோராவது அடியில், சொல்லாமல் கொள்ளாமல், சரிவில் தன்னை விழுத்தினாள்.

கயிறு அவரையும் சேர்த்து இழுத்தது. பனிக்கோடரியைக் குத்தினார், பிடிக்கவில்லை. மறுபடி குத்தினார். இரண்டு பேரும் பனிவெளியில் போய்த்தான் நின்றார்கள்.

சிந்துஜா எழுந்து, உடுப்பில் ஒட்டிய பனியைத் தட்டினாள்.

"ஆரணி எத்தனை கிலோ?"

"அறுபது."

"நான் ஐம்பத்திரண்டு."

தவராசாவின் வாய் நிறையப் பனி. துப்பினார். ஓகஸ்டை நினைத்தார். பயமாக இருந்தது.

எழுந்து, உருண்டு வந்த சரிவிலேயே திரும்ப ஏறத் தொடங்கினார். கயிறு இழுக்க அவளும் பின்னால் ஏறினாள். தான் முன்னால் போவதை அவர் கவனிக்கவே இல்லை.

மேலே போய்த் திரும்பி நின்றார். இரண்டு காலையும் பனியில் ஊன்றினார். கயிற்றைக் கையில் எடுத்தார்.

"இன்னொருக்கா விழுங்கோ, ரீச்சர்."